மேலே எழுதாத வரி

பெரியக்கா செத்துப்போன சேதி காலையிலேயே தில்லைநாயகத்தின் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலம் எடுக்கிறார்கள் என்பதும் தெரியும். இருந்தும் மனுஷன் ராஜபாளையத்தில், பேட்டரிக் கடை மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, ஐம்பது வயசுக்கு மேல் கம்ப்யூட்டரில் ஃபங்ஷனல் புரோகிராமிங் படிக்க வந்தவர். சொல்லிக்கொடுக்கும் மாரீஸ்வரி அவரைவிட ரொம்ப இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"டீச்சர், இது என்ன கூத்து? மேப்னு போட்டா வருது, ஃபில்டர்னு போட்டா வருது. வரிசைப்படுத்துற சார்ட்னு போட்டா மட்டும் அப்படியொரு பேரே தெரியாதுங்குது."

"மேலே இம்போர்ட்னு கூப்பிடுற வரி எழுதலையே அண்ணே."

"எதுக்கு எழுதணும்? சார்ட்டும் இந்த மொழியோடயே வந்ததுதானே? நான் என்ன வெளியிலேருந்தா கொண்டாந்தேன்?"

"கூட வந்ததுதான். ஆனா லிஸ்ட் மாட்யூல்னு தனிக் கட்டுக்குள்ள இருக்கு. மேப்பும் ஃபில்டரும் கூப்பிடாமலே வந்து நிக்கும். இதைக் கூப்பிடணும்."

"கூடவே இருக்கிறதுக்கு எதுக்கு அழைப்பு?" என்று வள்ளென்று விழுந்தார்.

மாரீஸ்வரி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். மேலே ஒரு வரி அடித்தாள். ஓட்டிக் காட்டினாள். தாறுமாறாகக் கிடந்த பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

தில்லைநாயகம் அந்த வரிசையையே பார்த்தார். மகள் கல்யாணத்துக்கு அழைக்கும்போதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். கூடப் பிறந்தவளுக்கு எதற்கு வெற்றிலை பாக்கு, எதற்கு நேரில் போய் அழைப்பு, தன்னால் வருவாள் என்றார். அக்கா வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

"பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு வாசல்லயே உட்கார்ந்திருந்தாளாம் டீச்சர்," என்றார் திடீரென்று. "முகூர்த்தம் முடியிற வரைக்கும். தம்பி வந்து கூப்பிடுவான்னு."

"யாருண்ணே?"

"எங்க பெரியக்கா. இன்னைக்குக் காலையில போயிட்டா."

மாரீஸ்வரி பதறி எழுந்தாள். "அய்யய்யோ! அப்புறம் இங்க என்ன பண்றீங்க?"

"அந்த வீட்லேருந்து ஒருத்தரும் எனக்குச் சொல்லி விடலையே. பக்கத்து வீட்டுக்காரன் சொல்லித்தான் தெரியும். கூப்பிடாத வீட்டுக்கு எந்த மூஞ்சியோட போக?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், அவ்வளவு நேரமும் அதைத்தான் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

மாரீஸ்வரி அவர் கம்ப்யூட்டரை அணைத்தாள். மேஜை மேல் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நல்லதுக்குத்தான் அண்ணே கூப்பிடணும், சாவுக்குத் தன்னால போகணும். பொறந்த வீட்லேருந்து தம்பி போர்த்துற கோடிச்சேலை வராம எடுக்க மாட்டாங்க. இன்னைக்கும் அக்கா உங்களுக்காகத்தான் காத்துக்கிடக்கா. எந்திரிங்க."