மந்தியின் ஏழாவது கடைசி ஆட்டம்

நாவல்காட்டுக் குளம் கோடையில் வற்றிவிடும். வற்றியதும் அதன் தரை பாறைபோல இறுகிவிடும். அதுதான் அந்தக் காட்டின் டென்னிஸ் மைதானம். பெண் விலங்குகளின் பட்டப்போட்டி ஆண்டுதோறும் அங்கேதான் நடக்கும்.

பொடிச்சி என்ற சருகுமானுக்கு டென்னிஸ்தான் தொழில். முயல் அளவுதான் இருப்பாள். மட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஆடுவாள். பந்து எங்கே விழுந்தாலும் அதற்கு முன்பே அங்கே போய் நிற்பாள். அரையிறுதி வரை எல்லோரையும் சுலபமாக வென்றுவிடுவாள். இறுதிப் போட்டியில் மட்டும் ஆறு வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருந்தாள்.

காரணம், மந்தி மங்களேஸ்வரி.

மங்களேஸ்வரி வயதில் மூத்தவள். பெரிய ஆட்டக்காரி. ஆறு வருஷத்துக்கு முன் இறுதிப் போட்டி தொடங்கும் நேரத்தில் அவள் மேடை ஏறினாள்.

"இதுவே என் கடைசி ஆட்டம்! விடைபெறுகிறேன்!" என்றாள்.

சங்கத் தலைவர் காட்டெருமை தேம்பித் தேம்பி அழுதார். அவர் கண்ணீரில் மைதானம் சேறாகிவிட்டது. அது காய்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். விடைபெறுகிறவரை நோகடிக்கக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். பொடிச்சியும் இளகிய மனசுக்காரி. வெல்ல வேண்டிய பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தாள். பட்டம் மந்திக்குப் போனது.

அடுத்த கோடையில் மங்களேஸ்வரி மட்டையோடு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்கள்தான் விடைபெற்றுவிட்டீர்களே?" என்று கேட்டாள் பொடிச்சி.

"அது வலது கைக்கு! இந்த வருஷம் இடது கைக்கு விடைகொடுக்கிறேன்!"

காட்டெருமை மறுபடியும் அழுதார். பொடிச்சி மறுபடியும் தோற்றாள். மூன்றாம் வருஷம் மந்தி தன் வாலுக்கு விடைகொடுத்தாள். அடுத்த வருஷம் குதித்து அடிப்பதற்கு. பிறகு வெயிலில் ஆடுவதற்கு. அன்று முழுவதும் நான்கு மயில்கள் தோகை விரித்து அவளுக்கு நிழல் பிடித்தன. ஆறாம் வருஷம், "இதுவரை நான் சரியாக விடைபெறவில்லை" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருமுறை விடைபெற்றாள்.

வெறும் பட்டத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கோடையில் காட்டில் இருப்பது ஒரே ஓர் ஊற்று. வென்றவளின் கூட்டம்தான் அதில் முதலில் இறங்கும். மந்திகள் குடிக்கும், குளிக்கும், வாய் கொப்பளிக்கும், ஒன்றின்மேல் ஒன்று தண்ணீரை வாரி இறைக்கும். சருகுமான்களின் முறை வருவதற்குள் அது வெறும் சேறாகிவிடும்.

ஏழாம் கோடை வந்தது. பொடிச்சி மறுபடியும் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். அன்று காலை அவள் அக்கா தவிட்டி, மூக்கெல்லாம் சேறாக வந்து நின்றாள்.

"இன்றைக்காவது ஜெயிப்பாயா?"

"அவள் விடைபெறுகிறேன் என்று சொன்னாலே என் கழுத்து தானாக வலைப்பக்கம் திரும்பிவிடுகிறது, அக்கா. ஜெயித்தால் காடே என்னைத் திட்டும். நான் என்ன செய்ய? மனசு இளகிவிடுகிறதே!"

"உன் இளகிய மனசை வடிகட்டிக் குடிக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, தவிட்டி இருமிக்கொண்டே போய்விட்டாள்.

பொடிச்சிக்குச் சுருக்கென்றது. வெகுநேரம் யோசித்தாள்.

ஆட்ட நேரம். மங்களேஸ்வரி கழுத்து நிறைய மாலைகளோடு மேடை ஏறி, "விடைபெறுகிறேன்!" என்றாள். காட்டெருமையின் இடது கண்ணில் நீர் கோத்தது.

உடனே பொடிச்சியும் மேடைக்குத் தாவினாள். "நானும் இன்றோடு விடைபெறுகிறேன்!"

காட்டெருமையின் வலது கண்ணிலும் நீர் வந்துவிட்டது. அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"ஐயோ! இப்போது யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது? அம்பயர், இரண்டு பேரையும் ஜெயிக்க வைக்க முடியாதா?"

அம்பயர் பச்சோந்தி ஒரு கண்ணால் மந்தியையும், மறு கண்ணால் சருகுமானையும் பார்த்தார்.

"முடியாது தலைவரே. ஒருவர்தான் ஜெயிக்க முடியும்."

"அப்படியென்றால் என்னதான் செய்வது?"

"வேறு வழியில்லை. ஆடித்தான் பார்க்க வேண்டும்!"

கூட்டம் திகைத்துப்போனது. இறுதிப் போட்டியில் நிஜமாக ஆடி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கோட்டருகே உட்கார்ந்திருந்த ஓணான்கள், பந்து வெளியே விழுந்தால் என்ன கத்த வேண்டும் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டன.

ஆட்டம் தொடங்கியது. பொடிச்சி அடித்த முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறு வருஷப் பழக்கம் சுலபத்தில் விடுமா? முதல் செட் மந்திக்குப் போனது.

கூட்டத்திலிருந்து தவிட்டியின் இருமல் கேட்டது. பொடிச்சி மட்டையை அழுத்திக் கவ்வினாள். இந்த முறை பந்து மந்தியின் காதை உரசிக்கொண்டு போய் மூலையில் விழுந்தது.

மங்களேஸ்வரி நகரவே இல்லை. "இந்தப் பந்துக்கு இன்று என்ன ஆயிற்று? கண் தெரியவில்லையா? நான் இங்கே அல்லவா நிற்கிறேன்!" என்று பந்தைத் திட்டினாள்.

அடுத்த பந்து இடது மூலைக்கு, அதற்கடுத்தது வலது மூலைக்கு. மந்தி முதல் முறையாக ஓடினாள். மாலை தடுக்கி விழுந்தாள். எழுந்து மாலைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். இரண்டாவது செட் பொடிச்சிக்கு. மூன்றாவது செட்டில் இருவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. கடைசிப் பந்தை மந்தி எட்டி அடித்தாள். பொடிச்சி அதை வலைக்கு மேலே மெல்லத் தட்டிவிட்டாள். பந்து அந்தப் பக்கம் விழுந்தது.

"பொடிச்சி வென்றாள்!" என்றார் பச்சோந்தி. மகிழ்ச்சியில் அவருக்கு எந்த நிறத்துக்கு மாறுவதென்றே தெரியவில்லை.

மங்களேஸ்வரி மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

"அப்படியானால், அந்த ஆறு பட்டங்களும்?"

"நான் வேண்டுமென்றே விட்டவை, அக்கா."

"வழக்கமெல்லாம் எனக்கு எதற்கு, நான் ஆடித்தான் ஜெயித்தேன் என்றல்லவா நினைத்தேன்! என்னிடம் சொல்லவே இல்லையே நீ!" மந்தியின் கண்கள் கலங்கின. காட்டெருமை அழ ஆரம்பித்தார். "நீங்கள் சும்மா இருங்கள்!" என்று அதட்டினாள் மங்களேஸ்வரி.

பொடிச்சி தலைகுனிந்தாள். "நோகடிக்கக் கூடாது என்றுதான்..."

"இப்போதுதான் நொந்தது." மந்தி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டாள். "ஆமாம், நீ நிஜமாகவே விடைபெறுகிறாயா?"

"ஆமாம் அக்கா. விட்டுக்கொடுப்பதிலிருந்து."

மந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படியானால் நாளைக் காலை பயிற்சிக்கு வா. இன்று இடது மூலைக்கு அடித்தாயே, அதை எனக்கு எடுக்கத் தெரியவில்லை."

அன்று மாலை சருகுமான்கள் முதலில் ஊற்றில் இறங்கின. தவிட்டி தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள்.

எதிரில் நிற்பவர் மனம் நோகுமே என்று வேண்டுமென்றே தோற்பது மரியாதை ஆகாது. முழு பலத்தோடு ஆடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.