டிபன் பாக்ஸில் நான்கு பிக்கப்

செருப்பைக் கழற்றும்போதே குணாளன் கேட்டுவிட்டார்.

“மிஸ், எதை மாட்டட்டும்?”

கையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய நான்கு பிக்கப்கள். எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிக்கு அடியில் உட்கார்ந்து, அதன் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புமே, அந்தக் காந்தங்கள். இன்னும் இரண்டு கிடாரிலேயே மாட்டியிருந்தன.

ஜெசிந்தா மிஸ் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். குணாளனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் பெரம்பூர்ப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் கிடார் தூக்கிய எல்லாருக்கும் அவர் மிஸ்தான்.

“முதல்ல உக்காருங்க.”

“உக்கார நேரமில்ல மிஸ். ஞாயித்துக்கிழமை கச்சேரி. வெண்ணிலா கறாரா சொல்லிடுச்சு.”

வெண்ணிலா அவருடைய குழுவின் பாடகி. குழுவை நடத்துவதும் அவர்தான்.

“என்ன சொன்னாங்க?”

“‘என் பாட்டு அமுங்கிப்போகுதுண்ணே. இந்த வாரமும் இப்படின்னா, கீபோர்டை வச்சே சமாளிச்சுக்கறேன்’னு.”

இருபத்திரண்டு வருஷம் வாசித்த குழு. குணாளனுக்குப் பயமாக இருந்தது. பயத்தைச் சொல்லத் தெரியாமல் பிக்கப்பைப் பற்றிப் பேசினார்.

“சிங்கிள் காயில் பளிச்சுனு இருக்கு மிஸ், ஆனா இரையுது. ஹம்பக்கர் இரையாது. ஆனா சத்தம் குண்டா வருது, அது குரல் மேலயே போய் உக்காருது. டப்பாவுல இருக்கே இந்த ஒண்ணு, அது ரெண்டுக்கும் நடுவுல. மெலடிக்கு அருமை, குத்துப்பாட்டுக்கு உதவாது. நமக்கு ஒரே மேடையில எல்லாம் வேணுமே!”

மனிதர் வீட்டில் ஒரு மாதம் பேசுவதை மூச்சுவிடாமல் பேசி முடித்தார். சனிக்கிழமை தோறும் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்ததில் ஆள்காட்டி விரலில் இரண்டு கொப்புளம் வேறு.

“இப்ப கிடார்ல என்ன இருக்கு?”

“ஒரு சிங்கிள் காயில், ஒரு ஹம்பக்கர். ஸ்விட்ச் போட்டா மாறும். நடுவுல வச்சா ரெண்டும் சேர்ந்து வரும்.”

“அந்தப் பாட்டை வாசிங்க. அமுங்குதுன்னு சொன்னாங்களே, அதை.”

குணாளன் ஆம்ப்ளிஃபயரில் வயரைச் சொருகினார். நின்றபடியே ஆரம்பித்தார்.

பல்லவிக்கு சிங்கிள் காயில். இரண்டாவது வரியிலேயே சந்தேகம் வந்து, ஸ்விட்சை நடுவுக்குத் தள்ளினார். இடையிசைக்கு ஹம்பக்கர். சரணத்தில் திரும்பவும் நடு. காதைச் சாய்த்தார், உதட்டைப் பிதுக்கினார், டோன் குமிழைக் கொஞ்சம் திருகினார். கால் ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. கண் ஸ்விட்சை விட்டு நகரவில்லை.

பாட்டு முடிந்தது.

“சரணத்துல நடுவுல வச்சேனே மிஸ், அதுதானே சரி? இல்ல ஹம்பக்கர் மட்டும் போதுமா?”

மிஸ் பீன்ஸ் தட்டைக் கீழே வைத்தார்.

“அது கிடக்கட்டும். சரணத்துல எனக்கு மூச்சு பத்தல, ஒரு வரியை விட்டுட்டேன். எந்த வரி?”

குணாளனின் கால் ஆட்டம் நின்றது.

“நீங்க பாடினீங்களா மிஸ்?”