வெட்டிப் போட்ட துண்டுகள்

"படத்துல உயிரே இல்ல குருவே. மொத்தமா அழிச்சிடப் போறேன்."

வந்ததும் வராததுமாக மங்களேஸ்வரி இப்படித்தான் ஆரம்பித்தாள்.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். பெயர் ஜெசிந்தா, படத்தொகுப்பாளர். சிஷ்யையைவிட வயதில் சின்னவள். எடிட்டிங் சொல்லிக் கொடுத்தவள் என்பதால் மங்களேஸ்வரி கேலியாகக் குருவே என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது. குரு திருப்பி அக்கா என்பாள்.

"எந்தப் படம்க்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

பிள்ளை இறந்தே பிறந்த தாய்மார்களைப் பற்றிய படம். மங்களேஸ்வரிக்கும் அப்படி ஒரு பிள்ளை போனது. அடுத்தது நல்லபடியா பொறக்கும் என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் அவள் வாயை அடைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். பேச முடியாததைப் படமாகவாவது எடுத்தால் நெஞ்சு ஆறும் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள்.

"போடுங்கக்கா, பாப்போம்."

படம் ஓடியது. ஆடாத தொட்டில். மழை வழியும் சன்னல். பெண்கள் அழுதார்கள். மறுபடியும் தொட்டில்.

"தொட்டில் நல்லா இருக்கு. எந்தக் கடை?"

"விளையாடாத. எனக்கு வயிறு எரியுது."

"வெட்டிப் போட்டதெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"அது குப்பை."

"குப்பையத்தான் கேக்குறேன்."

ஜெசிந்தா அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினாள்.

முதலில் ஒரு டீச்சர். பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா ஆச்சு?"

"கட்," என்றது மங்களேஸ்வரியின் குரல்.

அடுத்து, பூ கட்டும் பெண். "உனக்கு என்ன பிள்ளக்கா?"

"கட்."

அப்புறம் உப்பளத்தில் வேலை பார்க்கும் சீனியம்மாள். "நானே பேசிக்கிட்டு இருக்கேன். நீயும் சொல்லு தாயி."

"கட்."

ஜெசிந்தா படத்தை நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"கேக்கறவ குரல் படத்துல வரக் கூடாதுன்னு நீதானே சொல்லிக் கொடுத்த?" மங்களேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இது அவங்க படம். நடுவுல நான் எதுக்கு?"

"சொன்னேன்," என்றாள் ஜெசிந்தா. "நாளைக்கு சீனியம்மா வீட்டுக்குப் போவோம். கேமரா என் கையில இருக்கட்டும்."

"நான்?"

"அந்தம்மா பக்கத்துல உக்காருங்க."

மறுநாள் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தாள் குரு.

மங்களேஸ்வரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "உங்க முதல் பிள்ளையைப் பத்தி..."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே. உன் பிள்ளையச் சொல்லு."

மங்களேஸ்வரி கேமரா பக்கம் திரும்பினாள். ஜெசிந்தா கட் சொல்லிக் காப்பாற்றிவிடுவாள் என்று பார்த்தாள். ஜெசிந்தா பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றாள்.

"பொண்ணு," என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவதான் காட்டினாங்க."

"யாரு ஜாடை?"

பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். இவளிடம் இதுவரைக்கும் ஒருவரும் கேட்டதில்லை. ஆறுதல் சொன்னார்கள், கோயிலுக்குப் போகச் சொன்னார்கள், மறந்துவிடச் சொன்னார்கள். இதை மட்டும் கேட்கவில்லை.

மங்களேஸ்வரி உடைந்து அழுதாள். சீனியம்மாள் அழாதே என்று சொல்லவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"நெத்தி என்னுது," என்றாள் மங்களேஸ்வரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மூக்கு அப்படியே எங்க மாமியார்."

"மாமியார் மூக்கா? அது எப்படி இருக்கும்?"

மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரும் நிற்கவில்லை. ஆள்காட்டி விரலால் தன் மூக்கு நுனியைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தா, இப்படி."