மெத்தை நாற்காலி போட்ட தெரு

புதுச்சேரியில ஒரு டீச்சர் இருந்தாங்க. பேரு செண்பகவல்லி, வயசு முப்பத்தொண்ணு. தையல்கடைக்கு மேல மாடியில பிரெஞ்சு சொல்லிக் குடுப்பாங்க. அவங்க சிஷ்யப் பிள்ளைங்கள்லயே மூத்த பிள்ளை இஞ்ஞாசி, வயசு அறுபத்திரெண்டு. மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயரானவரு. அவரு வாயைக் குவிச்சு "போன்ழூர்"னு வணக்கம் சொன்னா, கீழ தையல் மிஷின் ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் மறுபடி ஓடும்.

ஒருநாள் மத்தியானம் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாரு.

"டீச்சர், ஒரு வார்த்தை. மிலியூ. கடைசியில உதட்டை எவ்வளவு நீட்டணும்?"

"யாருகிட்ட நீட்டப் போறீங்க முசே?"

பாரீசுல வேலை பாக்குற அவரு பொண்ணு பிலோமினா, கட்டிக்கப்போற பையனோட அம்மாவைக் கூட்டிக்கிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருது. "நான் வளந்த மிலியூவை அவங்க பாக்கணுமாம்ப்பா"ன்னு போன வாரமே போன்ல சொல்லிடுச்சு. பெத்த பொண்ணுகிட்டயே அர்த்தம் கேக்குறதா? கௌரவம் என்ன ஆவுறது? "ஓ, மிலியூ! பாக்கட்டும் பாக்கட்டும்"னு வச்சுட்டாரு.

"அர்த்தம் என்னான்னு நெனச்சீங்க?"

"தரம், டீச்சர். வீட்டோட தரம். அந்த வார்த்தையிலயே தெரியல?"

"என்ன ஏற்பாடு?"

"சுண்ணாம்பு அடிச்சாச்சு. கல்யாணக் காண்ட்ராக்டருகிட்ட செவப்பு மெத்தை நாற்காலி பன்னெண்டு எடுத்தாச்சு. தெருவுல எல்லாருக்கும் சொல்லியாச்சு, இன்னிக்கு எங்க வீட்டுல மிலியூ, யாரும் இந்தப் பக்கம் வந்துடாதீங்கன்னு."

டீச்சர் சிரிக்கல. செருப்பை மாட்டுனாங்க.

"வாங்க, பாப்போம்."

கூடத்துல பன்னெண்டு நாற்காலியும் பெரிய மனுசங்க கணக்கா முதுகை நிமித்திக்கிட்டு நின்னுச்சு. டீச்சர் ஒண்ணு மேல கை வச்சாங்க.

"பிலோமினாவுக்கு எத்தனை வயசுல அம்மா போனாங்க?"

"நாலு."

"அப்ப நீங்க?"

"ஷிப்டுல இருப்பேன்."

"சோறு யாரு ஊட்டுனது?"

"மீன் விக்கிற குப்பம்மா. எதிர்வீடு."

டீச்சர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கிட்டு நேரா வெளிய போனாங்க. தெருவுல போட்டுட்டு வந்தாங்க.

"டீச்சர், வெயில்ல வெளுத்துடும்."

"சைக்கிள் யாரு கத்துக் குடுத்தது?"

"பஞ்சர் கடை ரஃபி பாய். அது விழுந்ததை விட அவரு விழுந்ததுதான் அதிகம்."

இன்னொரு நாற்காலி போச்சு.

"பள்ளிக்கூடத்து உடுப்பைத் தேச்சுக் குடுத்தது யாரு?"

"இஸ்திரி ஏகாம்பரம். காசே வாங்கமாட்டான். அவன் சம்சாரம்தான் ரெட்டை ஜடை பின்னிவிடும்."

ரெண்டு நாற்காலி போச்சு. அப்புறம் டீச்சர் கேக்கல. காய்ச்சலுக்கு ராத்திரியெல்லாம் உக்காந்தது யாரு, கணக்குப் பாடம் யாரு, பெரிய மனுசி ஆனப்ப ஓலை கட்டுனது யாருன்னு அவரே ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சாரு. நாற்காலியும் அவரே தூக்குனாரு. பன்னெண்டாவதை வெளிய வச்சுட்டுத் திரும்பினா, கூடம் காலி. மணி நாலரை.

"டீச்சர், வர்ற மதாம் எங்க உக்காருவாங்க?"

"தரையில உக்காரச் சொல்லுங்க. இல்லன்னா வெளிய, அந்த ஆளுங்க பக்கத்துல. மிலியூன்னா தரம் இல்ல முசே, ஒருத்தர் வளந்த சூழல், சுத்தி இருந்த மனுசங்க. போய்க் கூப்பிடுங்க."

இஞ்ஞாசி எதிர்வீட்டுக் கதவைத் தட்டுனாரு. குப்பம்மா பாதிக் கதவுதான் தொறந்துச்சு.

"என்னா மாமா? மீன் நாத்தம் அங்க வரைக்கும் அடிக்குதா?"

"வாம்மா, வந்து உக்காரு."

"நாங்க வந்தா மிலியூ கெட்டுடும்னியே." உதட்டை அவரு மாதிரியே நீட்டி, கழுத்தை அவரு மாதிரியே ஆட்டி சொல்லுச்சு. உள்ள யாரோ சிரிச்சாங்க.

ஊரையே நடிச்சுக் காட்டுற மனுசன் இஞ்ஞாசி. சூப்பர்வைசர் மாதிரி இருமுவாரு, சாமியாரு மாதிரி பூசை வைப்பாரு. இப்ப ஒண்ணும் வரல.

"எனக்கு அர்த்தம் தெரியாம சொல்லிட்டேன், குப்பம்மா."

குப்பம்மா அவரு மூஞ்சியையே பாத்துச்சு. அப்புறம் மீதிக் கதவும் தொறந்துச்சு.

"இரு, சீலை மாத்திக்கிட்டு வரேன். ரஃபி பாய்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அவரு ரொம்பக் கோவமா இருக்காரு."

அஞ்சு மணிக்கு கார் வந்து நின்னப்ப பதினோரு நாற்காலியில ஆளு இருந்துச்சு. ரஃபி பாய் தலைக்கு எண்ணெய் வச்சு வழிச்சு சீவியிருந்தாரு. பிலோமினா கதவைத் தொறந்து எறங்குச்சு. சுண்ணாம்பு அடிச்ச வீட்டை ஏறிட்டும் பாக்கல. "அத்தே"ன்னு ஓடிப்போய் குப்பம்மா மடியில மூஞ்சியைப் புதைச்சுக்கிச்சு.

பின்னாலயே எறங்குன மதாம் கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் வந்து, காலியா இருந்த நாற்காலியில ஏகாம்பரம் சம்சாரம் பக்கத்துல உக்காந்தாங்க. ஏகாம்பரம் சம்சாரம் அவங்க தலைமுடியைத் தொட்டுப் பாத்து, "நல்ல அடர்த்தி, ரெட்டை ஜடையே போடலாம்"னுச்சு.

இஞ்ஞாசி ஒரு வாரமா மனப்பாடம் பண்ணுன பிரெஞ்சுப் பேச்சு சட்டைப்பையில இருந்துச்சு. அவரு எடுக்கல. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால போய் நின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

"என்னா மாமா, கோயிலா இது? காப்பியக் கொண்டா"ன்னு குப்பம்மா அதட்டுச்சு. கண்ணை முந்தானையில தொடச்சுக்கிட்டுத்தான் அதட்டுச்சு.

காப்பி குடுத்துக்கிட்டே வந்தவரு, சுவத்துல சாஞ்சு நின்ன டீச்சர்கிட்ட கடைசி டம்ளரை நீட்டுனாரு.

"டீச்சர், அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லியே."

டீச்சர் ஒரு வாய் குடிச்சாங்க.

"அதான் எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்களே, முசே."