கோதண்டன் பெண்டாட்டியைத் தேடிய கதை

நெட்டேரிக்கண்டிகைக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிற ஜனங்கள் அவர்கள். நான் சொன்னால் அதையும் நம்பிவிடுவார்கள். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

ஆந்திர எல்லையை ஒட்டி, கல்குவாரிக்குப் பின்னால் இருக்கிறது அந்த ஊர். ‘இங்கே நிற்காதே’ என்று ஒரு பலகை வைத்தால், ஊரே வந்து அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். உட்காரக் கூடாது என்று எழுதவில்லையே.

அந்த ஊரில் ஒருநாள் தெலுங்குப் படக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. சண்டைப் படம். எங்கோ ஒரு தேசத்தில் போர். பிழைத்து ஓடிவரும் அகதிகளை ஒரு வில்லன் பிடித்துவைத்துக் கல் உடைக்க விடுகிறான். கூலி கிடையாது, சாட்டையடி உண்டு. ஓடிவருகிற வழியில் குடும்பங்கள் பிரிந்துபோகின்றன. கடைசியில் ஹீரோ வந்து எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டுப் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிறார். அகதிகளாக நடிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். நெட்டேரிக்கண்டிகைக்காரர்களைப் பார்த்ததுமே டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. எதையோ தொலைத்துவிட்டு, தொலைத்தது என்ன என்பதையும் மறந்துபோன முகங்கள் இப்படி மொத்தமாக வேறெங்கே கிடைக்கும்?

டைரக்டருக்குத் தமிழ் வராது. அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல சுரேந்திரா என்று ஓர் அசிஸ்டெண்ட் டைரக்டர் இருந்தார், சித்தூர்க்காரர். அவர் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இனிமே உங்களுக்கு ஊர் இல்ல, வீடு இல்ல. நீங்கள்லாம் அகதிங்க. நான் சொல்றதைத்தான் செய்யணும். வேற யார் சொன்னாலும் கேக்கக் கூடாது."

ஊர்த்தலைவர் சிங்காரம் எழுந்து நின்றார். "ஊரே இல்லன்னா, நான் எதுக்குத் தலைவர்?"

"நீங்களும் தலைவர் இல்ல."

சிங்காரம் சற்று யோசித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, சுரேந்திராவின் கையில் கொடுத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல்நாளே கடைசிக் காட்சியை எடுத்தார்கள். ஹீரோ மறுவாரம் வெளிநாடு போகிறார் என்பதால் அவசரம். சினிமாவில் இது சகஜம்தான், குழம்புக்கு முன்னால் மோர் ஊற்றிக்கொள்வது மாதிரி. நெட்டேரிக்கண்டிகைக்கு அது யாரும் சொல்லாத விஷயம்.

பிரிந்து சேர்கிற ஜோடியாகக் கோதண்டனும் அம்சவேணியும் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். நிஜமாகவே புருஷன் பெண்டாட்டி. ரேஷன் கடைக்குக்கூட ஜோடியாகப் போகிறவர்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தால் மற்றவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

சுரேந்திரா சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு பத்து வருஷம் ஆவுது. இப்பதான் பாக்கறீங்க. ஓடிவந்து கட்டிப் பிடிச்சு அழணும்."

"காலையில ஒரே சைக்கிள்லதான் சார் வந்தோம்" என்றான் கோதண்டன்.

"படத்துல பிரிஞ்சிட்டீங்க."

"எப்ப சார் பிரிஞ்சோம்?"

"அதைக் கடைசி நாள் எடுப்போம்."

கூட்டத்தில் சலசலப்பு. பம்புசெட் ஏழுமலை கையைத் தூக்கி அடக்கினான். ஊரில் யோசிக்கிற வேலை அவனுடையது. "பிரியறதுக்கு முன்னாலயே சேத்து வெச்சிடறாங்க. பெரிய கம்பெனி, முன்ஜாக்கிரதையா கீறாங்க."

இருவரும் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். டைரக்டரே கண்கலங்கி "கட்" என்றார். அது கேமராவுக்குச் சொன்னது என்று நினைத்து இருவரும் விடவில்லை. சாப்பாட்டு வேளைக்கும் அப்படியே நின்றார்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேருக்கும் சாம்பார் சாதம் ஊட்டிவிட்டார்கள். சுரேந்திரா கைகழுவிவிட்டு வந்து "விடுங்கப்பா" என்ற பிறகுதான் விட்டார்கள்.

அடுத்த சில நாட்கள் கல் உடைக்கிற காட்சி. தெர்மாகோலில் கற்கள் செய்துவைத்திருந்தார்கள். ஏழுமலை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கல்லே இல்ல, கம்பெனியை யாரோ ஏமாத்திட்டாங்க" என்று தீர்ப்பு சொன்னான். எல்லாரும் பக்கத்துப் பாறைக்குப் போய் நிஜக் கல்லை உடைத்தார்கள். அந்தப் பாறைக்குச் சொந்தக்காரர் டிப்பர் லாரியைக் கொண்டுவந்து, உடைத்த கல்லையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே ஏற்றிப் போனார். கூலியில்லாமல் கல் உடைக்கும் அகதிகளின் கண்ணீரைப் பற்றிய படம் அது, ஞாபகம் இருக்கட்டும்.

வில்லனைக் காட்டி, "இவர் சொல்லாம நீங்க ஒரு அடி நகரக் கூடாது" என்று சுரேந்திரா சொல்லியிருந்தார். வில்லன் நடிகர் நல்ல மனுஷர், தமிழ் தெரிந்தவர். சாயங்காலம் மேக்கப்பைக் கலைத்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எதிரே ஊரே கைகட்டி நிற்பதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"வீட்டுக்குப் போகலியாம்மா?"

"வீடு இல்லீங்களே" என்றாள் அம்சவேணி.

வில்லன் சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். "போங்கம்மா. எங்கயாவது போய் நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க."

"ரெண்டு அடி அடிச்சிட்டுச் சொல்லுங்கய்யா. சும்மா சொன்னா நம்பிக்கையா இல்ல."

அந்தச் சாது மனுஷர் சாட்டையைத் தேடி எடுத்துவந்து, பட்டும் படாமலும் ஆளுக்கு ஒன்று தட்டி அனுப்பிவைத்தார்.

கடைசி நாள் வந்தது. காய்ந்த ஆற்றுப்படுகையில் புழுதி பறக்கக் கூட்டம் ஓட வேண்டும். சுரேந்திரா கோதண்டனையும் அம்சவேணியையும் தனியே கூப்பிட்டார்.

"ஓடறப்போ கை நழுவிடுது. இந்த நிமிஷத்திலேர்ந்து உன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு உனக்குத் தெரியாது. உன் புருஷன் எங்கன்னு உனக்கும் தெரியாதும்மா. கண்ணு முன்னால வந்து நின்னாலும் யாரோன்னு தாண்டிப் போய்த் தேடிட்டே இருக்கணும். நான் சொல்ற வரைக்கும்."

தேடினார்கள். டைரக்டர் பூசணிக்காய் உடைத்தார். படப்பிடிப்பு முடிந்தது. எல்லா வண்டியும் கிளம்பிக்கொண்டிருந்தபோது சிங்காரம் சுரேந்திராவின் வேனைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

"சார், எங்களுக்கு ஊர் உண்டா?"

"உண்டு, உண்டு. போங்க."

"என் துண்டு?"

துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து வந்தது. அதைத் தோளில் போட்டதும் சிங்காரத்துக்குப் பொறுப்பும் வந்துவிட்டது. "சார், அந்த ரெண்டு பேரும் இன்னும் ஆத்துல தேடிகினு கீறாங்க. எப்ப சேருவாங்க?"

"தியேட்டர்ல போய்ப் பாருங்க. கடைசில சேந்துடுவாங்க." வேன் போய்விட்டது.

பொழுது சாயும்போது ஆற்று மேட்டில் கோதண்டன் ஒரு பெண்ணை எதிர்கொண்டான்.

"யம்மா, இந்தப் பக்கம் ஒரு பொம்பளையைப் பாத்தியா? செவப்புக்கல்லு மூக்குத்தி. நெத்தியில ஒரு தழும்பு."

அம்சவேணி மூக்குத்தியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். "பாக்கலியேண்ணா. நானும் என் வூட்டுக்காரரைத்தான் தேடறேன். ஒல்லியா இருப்பாரு. ஒரு காது கொஞ்சம் பெருசு."

கோதண்டன் தன் பெரிய காதைச் சொறிந்தான். "அப்படி யாரும் கண்ணுல படலியேம்மா."

இரண்டு பேருக்கும் துக்கம் ஒன்றுதான் என்று தெரிந்ததும் சேர்ந்தே தேடினார்கள். கால் ஓய்ந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டும் ஒரே வீடாக இருந்தது.

மறுநாள் ரேஷன் கடை வாசலில் பஞ்சாயத்து.

"இது என் வூடு" என்றான் கோதண்டன். "என் பொண்டாட்டி வந்து பாக்கறப்போ உள்ள வேற பொம்பளை இருந்தா இன்னா நெனப்பா?"

"என் புருஷன் வூடு இது" என்றாள் அம்சவேணி. "அவரு வந்து பாக்கறப்போ நான் இல்லன்னா எங்க போய்த் தேடுவாரு?"

இரண்டும் நியாயமாகப் பட்டது. ஏழுமலை சிங்காரத்தின் காதருகே குனிந்தான். "நீதான் அவன், நீதான் அவள்னு நாமே சொல்லிட்டா இன்னா?"

"சுரேந்திரா சார் சொல்ற வரைக்கும்னு பேச்சு" என்றார் சிங்காரம். "வேற யார் சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னும் சொல்லிகீறாரு. நாம வேற யாருதானே?"

அம்சவேணி அண்ணா என்று கூப்பிட்டுவிட்டதால் ஒரே கூரையின்கீழ் இருப்பதில் தப்பில்லை, நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று தீர்ப்பாயிற்று.

அன்று ராத்திரி சேலைக்கு அடியில் ஒரு கிண்ணம் நகர்ந்து வந்தது. "அண்ணா, ஒண்டியா கீறீங்க. கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு."

ஒருவாய் சாப்பிட்டதும் கோதண்டன் விசும்ப ஆரம்பித்தான். "என் அம்சா வெக்கிற மாதிரியே கீதும்மா."

சேலைக்கு அந்தப் பக்கமும் விசும்பல். "என் வூட்டுக்காரரும் இப்படித்தாண்ணா, காரம்னா மூக்கை உறிஞ்சுவாரு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்த இரண்டு பேரும் நிஜமாகவே அழுதார்கள். எட்டித் தொடுகிற தூரத்தில் இருக்கிற ஆளை நினைத்து அழுதாலும் அழுகை அழுகைதான்.

மழைக்காலம் முழுக்க அவர்கள் தேடினார்கள். கோதண்டன் சைக்கிளை மிதிப்பான், அம்சவேணி பின்னால் உட்கார்ந்து வழியில் போகிறவர்களை விசாரிப்பாள். ஊருக்கு ஆரம்பத்தில் விஷயம் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தினமும் "கெடச்சாங்களா?" என்று கேட்டுக் கேட்டு, "இல்ல" என்று பதில் வாங்கி வாங்கி, ஊரே அதை நம்பிவிட்டது. பாவம், எந்த ஊரில் என்ன கஷ்டப்படுகிறார்களோ என்று ஏழுமலைகூட உச்சுக்கொட்டினான்.

ஒருவழியாகப் படம் வெளியானது. எல்லைக்கு அந்தப் பக்கம் டவுன் தியேட்டர். இன்று இரண்டு பேரும் கிடைத்துவிடுவார்கள் என்று ஊரே டிராக்டரில் ஏறிப் போயிற்று. கோதண்டன் பெண்டாட்டிக்கு மல்லிகைப்பூ வாங்கி மடியில் வைத்திருந்தான். அம்சவேணி புருஷனுக்கு முறுக்கு சுட்டு எடுத்துவந்திருந்தாள். அடையாளம் காட்ட வசதியாக இருவரையும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார்கள்.

படம் ஓடியது. ஆற்றுப்படுகையில் கை நழுவியது. வில்லன் சாட்டையைச் சுழற்றினார்; "நல்ல மனுஷன், வலிக்காம அடிப்பாரு" என்று நெட்டேரிக்கண்டிகை கைதட்டியது. ஹீரோ வந்து ஆளுக்கு ஒரு லாரியாக வீசினார். வேலி உடைந்தது. அகதிகள் சிதறி ஓடினார்கள். புழுதிக்குள்ளிருந்து சிவப்புக்கல் மூக்குத்தியோடு ஒரு முகம் திரை முழுக்க வந்தது.

கோதண்டன் எழுந்துவிட்டான். "என் பொண்டாட்டி. அம்சா, இங்க கீறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். எதிரே ஒரு ஆள் ஓடிவந்தான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினாள்.

கோதண்டனின் மடியிலிருந்து பூ கீழே விழுந்தது. "யாருடா அவன்? மூஞ்சியைப் பாரு, முட்டாப்பய மாதிரி."

பக்கத்து சீட்டிலிருந்து கம்மிய குரலில் அம்சவேணி சொன்னாள்: "அது என் புருஷண்ணா."

தியேட்டரில் வேறு யாரோ விசில் அடித்தார்கள்.

"அவளைப் பாருண்ணா" என்றாள் அம்சவேணி. "எங்கிட்ட கீற மாதிரியே சேலை கட்டிகினு, வெக்கமே இல்லாம."

"திட்டாதம்மா. அவ நல்லவதான். உன் புருஷன்தான் ஏதோ சொல்லி மயக்கிகீறான்."

"என் புருஷன் சூதுவாது தெரியாதவரு."

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல், அவரவர் துரோகிக்குப் பரிந்து பேசி அழுதார்கள். பிறகு முறுக்கை ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள்.

சைக்கிள் ஸ்டாண்டிலேயே பஞ்சாயத்து கூடியது. சிங்காரம் துண்டைச் சரிசெய்துகொண்டு பேசினார். "அவங்க ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. ஊரே பாத்துச்சு. இவங்க ரெண்டு பேரும் அம்போன்னு நிக்கறாங்க. இவங்களுக்குள்ள முடிச்சுப் போட்டுட்டா இன்னா?"

"அண்ணான்னு கூப்ட்டிருக்கே" என்றான் ஏழுமலை.

அது பெரிய சிக்கல். வெகுநேரம் யோசித்த பிறகு சிங்காரமே வழி கண்டுபிடித்தார். "புருஷன் வருவான்னு நம்பிகினு இருந்தப்போ கூப்ட்டது அது. நம்பிக்கை போச்சு, கூப்ட்டதும் போச்சு."

கோதண்டன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குச் சம்மதம். இவ கையில குழம்பு நல்லாருக்கு. ஆனா ஒண்ணு, அவங்களுக்கும் சொல்லி அனுப்பணும். நம்மளை வுட்டுட்டுப் போனாலும் நல்லாருக்கட்டும்."

டிக்கெட் கொடுக்கிறவரிடம் சிங்காரம் வெற்றிலை பாக்கு வைத்து, "படத்துக்குள்ள கீற ரெண்டு பேரும் கல்யாணத்துக்குக் கண்டிப்பா வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். நடுவீட்டுச் சேலையை அவிழ்த்து மணப்பெண்ணுக்கே கட்டிவிட்டார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக வைக்கப்பட்டிருந்தன. நல்லநேரம் முடியப்போகிறதென்று எல்லாரும் அவசரப்படுத்த, கோதண்டன் கடைசிவரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாலியைக் கட்டினான்.

"வரவே இல்ல பாரு" என்றான், மனசு கேளாமல். "நம்ம கல்யாணத்துக்குக்கூட வரல."

புதுப்பெண் அம்சவேணி தலைகுனிந்தபடியே சமாதானம் சொன்னாள். "எங்க வர்றது, பாவம். தெனம் நாலு ஷோ கீது. நாலு வாட்டி பிரிஞ்சு நாலு வாட்டி சேரணும். படத்தைத் தூக்கினப்புறம் விருந்துக்குக் கூப்ட்டுக்கலாம்."