மார்ச் மாதத்து விருந்தாளி

“போன வருஷமும் மார்ச் இருபத்தெட்டாம் தேதிதான் வந்தீங்க. அதுக்கு முந்தின வருஷமும் அதே இருபத்தெட்டுதான். மூணு நாள் தங்கி, எனக்கு எதெல்லாம் வேண்டாமோ அதையெல்லாம் செஞ்சு வெச்சிட்டுப் போறீங்க!”

இப்படிக் கத்தியது ஓர் ஏரி. அதன் நடுவில் நாற்பது கருவேல மரங்கள். மரம் முழுக்கக் கூழைக்கடாக்களின் கூடுகள். கூடு முழுக்க இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

திட்டு வாங்கியவர் ஒதுக்கீடு. பறவைகளுக்கென்று அரசாங்கம் வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பும் பணம் அவர்தான். ஜீப்பிலிருந்து இறங்கி, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதம்மா. கையெழுத்தெல்லாம் வாங்கிக் கிளம்பவே எனக்குப் பதினோரு மாசம் ஆகுது. முப்பத்தொண்ணுக்குள்ள செலவாகலைன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“அதனால மூணு நாள்ல என்ன முடியுமோ அதை மட்டும் செய்வீங்க. போர்டு எழுதுவீங்க.”

“என்னை எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க, அக்கா?” என்றது கரையில் நின்ற போர்டு. மொத்தம் ஏழு போர்டுகள். ஏழிலும் ஒரே வாசகம்: பறவைகளைக் காப்போம்.

“நீயாவது தேவலை. மார்ச் முப்பதாம் தேதி, அந்த வெயில்ல, எந்தப் புத்திசாலி முந்நூறு கன்று நடுவான்? மே மாசம் எல்லாம் சுள்ளி. அப்புறம் இதோ, வாத்து மூக்கோட ஒரு சிமெண்ட் பொம்மை.”

“நான் கூழைக்கடா!” என்றது பொம்மை, ரோஷமாக.

ஏரிக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆள். காவலாள் கோதண்டம். தினமும் பரிசலில் கூடுகளைச் சுற்றி வருவான். குஞ்சு திருட வருகிறவர்களை ஒரு தடியும் நாலு கெட்ட வார்த்தையுமாக விரட்டுவான். அவனுக்கு ஆறு மாதமாகச் சம்பளம் இல்லை. ஓசூரில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதென்று மச்சான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

“அவனுக்குக் கொடுங்க. அப்புறம் மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்க, போதும். தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுத்துட்டு, அரிசிக்குக் காசு தராத புருஷன் மாதிரி இருக்காதீங்க.”

ஒதுக்கீடு கரையில் உட்கார்ந்தார். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வெள்ளம்னா கூப்பிடறாங்க, எலெக்‌ஷன்னா கூப்பிடறாங்க. எல்லா இடமும் போய், மிச்சம் இருந்தாத்தான் உன்கிட்ட வரேன். உன் பறவைக்கு ஓட்டு இல்லையே.”

அக்கரைக் கோயிலில் சாயங்கால விளக்கு ஏற்றினார்கள்.

“அந்த விளக்கு மட்டும் எப்படி ஒருநாளும் தவறறதே இல்லை?” என்று கேட்டது ஏரி.

“யாரோ எப்பவோ அதுக்குன்னு ரெண்டு காணி எழுதி வெச்சாங்க. நிலம் விளையுது, விளக்கு எரியுது. தர்மகர்த்தா யாரா இருந்தாலும் அதுல கை வைக்க முடியாது.”

“எனக்கும் அப்படி எழுதலாமே! என்னைச் சுத்தித்தானே மண் அள்ளறாங்க, ரிசார்ட் கட்டறாங்க? அதுல ஒரு பங்கு எனக்குன்னு.”

“எழுதினாங்களே. மசோதான்னு பேரு. என் தங்கச்சிதான். ஒன்பது வருஷமா சட்டசபை வாசல்ல உட்கார்ந்திருக்கா. இன்னும் உள்ளே கூப்பிடலை.”

“எப்படி இருப்பா?” ஏரியின் குரலில் இப்போது கோபம் இல்லை.

“ரொம்பச் சாதாரணமா. ரெண்டே பக்கம். ஆனா வந்தா போகமாட்டா.”

வந்தா போகமாட்டா. ஏரி அதைத் தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது.

முப்பத்தொன்றாம் தேதி ஒதுக்கீடு தீர்ந்துபோனார். காவலாள் சம்பளத்துக்கு அவரைத் தொடக் கூடாதாம், அதற்குக் கணக்கில் வேறு தலைப்பாம். அவர் நின்ற இடத்தில், பெயிண்ட் வாசனையோடு ஓர் அலங்கார வளைவு நின்றது.

மறுநாள் காலை கோதண்டம் மூட்டையும் மனைவியுமாக வந்தான். கரையைத் தாண்ட அவனுக்குக் கால் வரவில்லை.

“குஞ்சுக்கு இன்னும் இறகு முத்தலை, செல்வி. ஒரு மாசம் பொறுத்தா பறந்துடும்.”

“நம்ம வீட்டுக் குஞ்சு ரெண்டும் காத்தைக் குடிச்சா வளருது?” என்றாள் அவன் மனைவி. “ஏரியைப் பார்த்துக்கிட்டே நின்னா பஸ் போயிடும். வா.”

வளைவுக்கடியில் நடந்து இருவரும் வெளியே போனார்கள். “நல்வரவு!” என்றது வளைவு. அதற்குத் தெரிந்த வார்த்தை அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு அக்கரையில் இரண்டு பேர் லாரி டியூபைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒருவன் தோளில் காலிச் சாக்கு. தாய்ப் பறவைகள் இரை தேடிப் போயிருந்தன.

ஏரி பதறிக் கரைப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டது. இத்தனை நாள் வாய் ஓயாத போர்டுகளும், சிமெண்ட் கூழைக்கடாவும், புது வளைவும் வெயிலில் அப்படியே நின்றன. டியூப் முதல் மரத்தை நெருங்கியது.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாராவது ஒருத்தர் ஒரே ஒரு சத்தம் போடுங்களேன்.”