சம்பங்கியின் துப்பாக்கியும் ஊராரின் கம்பளியும்

நெல்லிக்குட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாடு அங்கேதான் முடிகிறது. கடைசி வரப்பில் ஓர் எல்லைக்கல், அதைத் தாண்டினால் ஆந்திரா. ஊர்க்காரர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். யார் என்ன சொன்னாலும் மரியாதையாகக் கேட்டு அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான். பஸ்ஸில் ‘படியில் நிற்காதீர்கள்’ என்று எழுதிப் போட்ட பிறகு, அந்த ஊருக்கு வரும் பஸ்ஸிலிருந்து எல்லாரும் ஜன்னல் வழியாகத்தான் இறங்குகிறார்கள். இறங்கும்போது ஒரு காலாவது படியில் நிற்குமே என்ற பயம்.

அந்த ஊரில் சம்பங்கி என்று ஒரு விவசாயி. எல்லைக்கல்லை ஒட்டி அவனுக்கு வேர்க்கடலைக் காடு; ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் காய் முற்றும் சமயம் பார்த்து ஆந்திரா பக்கமிருந்து காட்டுப்பன்றிகள் வந்து, அறுவடையைத் தாங்களே முடித்துவிட்டுப் போயின.

சம்பங்கியின் மனைவி கோதாவரிக்குப் பிறந்த வீடு ஆந்திராவில். அவள் ஒருநாள் அவன் எதிரில் வந்து நின்றாள்.

“இந்த வருசமும் பன்னி மல்லாட்டையைத் துன்னுச்சுன்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்.”

கோதாவரி சொன்னால் சொன்னதுதான். அவள் திட்டினால் கூடச் சம்பங்கிக்குக் கேட்கப் பிடிக்கும். அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

நேராக முனிரத்தினத்திடம் ஓடினான். முனிரத்தினம் ஊரிலேயே பெரிய யோசனைக்காரர். யோசிக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் முதலிலிருந்து யோசிப்பார். அன்றைக்கு மூன்றாம் தடவையில் யோசனை முடிந்தது.

“துப்பாக்கி வாங்கிடு. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு மனு போட்டா லைசன்ஸ் தருவாங்க.”

மனு போட்டார்கள். விசாரிக்க ஒரு ஏட்டு வந்தார்.

“உனக்கு யாராவது விரோதி இருக்காங்களா?”

“பன்னிதாங்க” என்றான் சம்பங்கி.

ஏட்டு பக்கத்தில் நின்ற கஜேந்திரன் பக்கம் திரும்பினார். கஜேந்திரன் சம்பங்கிக்குப் பக்கத்து நிலத்துக்காரன், எதிலும் சந்தேகப் பிராணி. “இவரு நல்ல மனநிலையில இருக்கிறவர்தானே?” என்றார் ஏட்டு.

கஜேந்திரன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். “காலையில நல்லா இருந்தாருங்க. மத்தியானம் சம்சாரம் திட்டினதும் கொஞ்சம் டல்லாயிட்டாரு. இப்போ டீ குடிச்ச பொறவு பரவாயில்லிங்க.”

ஏட்டு நல்ல மனிதர். சாயங்காலம் வரை உட்கார்ந்து நாலு பேரிடம் கேட்டு எப்படியோ எழுதிக்கொண்டு போனார். லைசன்ஸும் வந்தது.

டவுனில் தேவராஜுலு என்பவர் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். சம்பங்கியும் முனிரத்தினமும் கஜேந்திரனும் புதுவேட்டி கட்டிக்கொண்டு போனார்கள். தேவராஜுலு லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

“நல்லா கேட்டுக்கங்க. துப்பாக்கி உங்க கையை விட்டு இன்னொருத்தர் கைக்குப் போகக்கூடாது. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒரே இடத்துல வைக்கக்கூடாது. பன்னியைக் கொல்லக்கூடாது, வானத்தைப் பாத்து ஒரு வெடி வெடிச்சா போதும், சத்தத்துக்கே ஓடிடும். முக்கியமா இன்னொண்ணு. இந்த லைசன்ஸ் தமிழ்நாட்டுக்குள்ளதான் செல்லும். எல்லையைத் தாண்டினா கேஸ் ஆயிடும், லைசன்ஸும் போயிடும்.”

மூவரும் தலையை ஆட்டினார்கள். இவ்வளவு ஒழுங்காகக் கேட்டுக்கொண்ட வாடிக்கையாளர்களைத் தேவராஜுலு பார்த்ததே இல்லை. பாவம், அவருக்குச் சந்தோஷம்.

அன்றிலிருந்து துப்பாக்கி சம்பங்கியின் கையை விட்டுப் போகவில்லை. சாப்பிடும்போது இடது கையில் இருந்தது. குளிக்கும்போது அதற்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு குளித்தான். கோயிலில் கும்பிட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கை நடுவில் துப்பாக்கியை வைத்துக் கும்பிட்டான். பூசாரி கேட்காமலே இரண்டு மடங்கு விபூதி கொடுத்தார்.

வீட்டில் படுத்தால் அவனுக்கும் கோதாவரிக்கும் நடுவில் துப்பாக்கி.

“யோவ், அதை அந்தாண்ட வையேன்யா” என்றாள் அவள்.

“கையை விட்டுப் போவக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

“என் கையைப் புடிச்சி எத்தினி நாளாச்சு தெரியுமா?”

சம்பங்கிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே!

தோட்டாவை எங்கே வைப்பது என்று ஊர் கூடிப் பேசியது. பக்கத்து அறை போதும் என்றான் ஒருவன். கூரை ஒன்றுதானே, அது ஒரே இடம் என்றான் கஜேந்திரன். கடைசியில் ஊரின் மறுகோடியில் இருக்கும் முனிரத்தினம் வீட்டில் தோட்டாவை வைத்தார்கள்.

கடலை முற்றியது. ஒருநாள் விடியற்காலையில் கடலைக்காட்டில் பன்றிகள் உறுமும் சத்தம். சம்பங்கி துப்பாக்கியோடு ஊரைக் கடந்து ஓடி முனிரத்தினம் வீட்டு வாசலை அடைந்தான்.

“அண்ணா, தோட்டாவைக் குடு! பன்னி வந்துடுச்சி!”

முனிரத்தினம் கதவருகே வந்தவர், துப்பாக்கியைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். “அங்கியே நில்லு! நீ உள்ள வந்தா துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே எடத்துல ஆயிடும்!”

“அப்போ நீ எடுத்தாந்து குடு.”

“எடுத்தாந்தா மட்டும்? உன்னாண்ட வந்தா அதுவும் ஒரே எடந்தானே?”

இருவரும் வாசலுக்கு வெளியேயும் உள்ளேயுமாக நின்று யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க, இந்தத் துப்பாக்கியும் இந்தத் தோட்டாவும் இந்தப் பிறவியில் சந்திக்கவே முடியாது என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. சத்தம் கேட்டு வந்த கஜேந்திரன்தான் தேவராஜுலுவுக்குப் போன் போட்டான். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த அவர், விஷயத்தை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

“வீட்டுலதான்யா தனித்தனியா! வயல்ல சேரலாம்!” என்று கத்திவிட்டு வைத்தார்.

அதற்குள் பன்றிகள் ஒரு மூலையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. சம்பங்கி வீட்டுக்குத் திரும்பியபோது கோதாவரியின் டிரங்குப் பெட்டி பரணிலிருந்து இறங்கி வாசற்படி ஓரம் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் விடிவதற்குள் மூவரும் வயலில் இருந்தார்கள். முனிரத்தினம் தோட்டாவை ஒரு தட்டில் வைத்துத் தாம்பூலம் போல நீட்டினார். சம்பங்கி போட்டான். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது, ஒரு மூக்கு தெரிந்தது. சம்பங்கி துப்பாக்கியை வானத்தைப் பார்த்து நிமிர்த்தினான்.

“நில்லு!” என்றான் கஜேந்திரன். “சத்தம் எங்க போவும்?”

“எங்க போவும்? காத்துல போவும்.”

“எல்லைக்கல்லாண்ட போயி நின்னுடுமா?”

சம்பங்கி துப்பாக்கியை இறக்கினான். முனிரத்தினத்தின் முகம் வெளுத்தது. இப்படிப்பட்ட ஆபத்தை அவரே யோசிக்காமல் விட்டுவிட்டாரே!

“சோதிச்சிப் பாத்துடுவோம்” என்றார்.

கஜேந்திரன் எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றான். சம்பங்கிக்குக் கை ஒழியவில்லை, அதனால் முனிரத்தினம் இந்தப் பக்கம் நின்று கை தட்டினார்.

“கேக்குதா?”

“நல்லா கேக்குதுண்ணா!”

“நீ கத்தறது இங்க கேக்குதுடா! இந்தாண்ட சத்தம் அந்தாண்ட போவுது, அந்தாண்ட சத்தம் இந்தாண்ட வருது!” முனிரத்தினம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “வெடிச்சோம், தொலைஞ்சோம். ஆந்திராவுல லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிச் சத்தம்! லைசன்ஸே போயிடும்.”

இந்த விவாதம் நடந்தபோது பன்றிகள் புதருக்குள் பொறுமையாகக் காத்திருந்தன. சத்தம் அதிகமாக இருந்ததால் அன்றைக்கு அவை சாப்பிட வரவில்லை என்பதை மூவரும் கவனிக்கவே இல்லை.

“சத்தம் தாண்டாம ஒரு தடுப்பு கட்டிடலாம்” என்றார் முனிரத்தினம். “எங்க வூட்ல புள்ளைங்க கத்தினா நான் கம்பளியை இழுத்து மூடிக்குவேன். பாதி சத்தம் நின்னுடும்.”

அன்று மாலைக்குள் ஊரில் இருந்த அத்தனை கம்பளிகளும் வயலுக்கு வந்தன. கழியை நட்டு, கயிற்றைக் கட்டி, எல்லை நெடுகக் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். கோதாவரி தன் கல்யாணத்துக்கு வந்த சிவப்புக் கம்பளியைக் கொடுக்க முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு, “இதுதான் கடைசி” என்று தூக்கிப் போட்டாள். பெட்டி வாசலிலேயே இருந்தது.

விடியற்காலையில் மூவரும் கம்பளிகளுக்கு இந்தப் பக்கம் காத்திருக்க, பன்றிகள் வழக்கமான வழியில் வந்தன. பார்த்தால், வழி முழுக்க என்னென்னவோ நிறத்தில் பெரிது பெரிதாக ஆடிக்கொண்டு நிற்கிறது. ஊரிலுள்ள எல்லா மனிதர்களின் வாடையும் ஒரே சமயத்தில் அடிக்கிறது. முனிரத்தினத்தின் கம்பளி துவைத்துப் பல வருஷமாகியிருந்தது. முன்னால் வந்த பெரிய பன்றி அதை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, வீரிட்டுக் கத்திக்கொண்டு வந்த வழியே ஓடியது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது. அந்தப் பருவம் முழுக்க அவை திரும்பி வரவில்லை.

சம்பங்கி நிமிர்த்திய துப்பாக்கியோடு நின்றது நின்றபடி இருந்தான். “இப்போ வெடிக்கட்டுமா?”

“பன்னி போன பொறவு எதுக்குடா வெடிக்கிற?” என்றார் முனிரத்தினம்.

கடலை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. கோதாவரி பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுப் புதுக்கடலையை அவித்து ஊருக்கே கொடுத்தாள். அவள் சிரித்தபோது சம்பங்கிக்கு அழுகை வந்துவிட்டது. துப்பாக்கி கையில் இருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. மார்கழி பிறந்தது, கூடவே தேர்தலும் வந்தது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சொன்னார்கள்: “ஆயுதம் வைத்திருப்பவர்கள் உடனடியாகக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.”

ஊர் கூடியது.

“நம்ம ஊர்ல ஆயுதம்னா எது?” என்று ஆரம்பித்தான் கஜேந்திரன்.

“எது பன்னியை வெரட்டிச்சோ, அதுதான் ஆயுதம்” என்றார் முனிரத்தினம். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சிவப்புக் கம்பளியை மடித்த சம்பங்கியைக் கோதாவரி பார்த்தாள். “மார்கழிக் குளிர்ல கம்பளியைக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல குடுக்கறியா? குடு. எங்கம்மா வூட்ல கம்பளி கீது.” பெட்டி மறுபடி பரணிலிருந்து இறங்கியது.

சம்பங்கிக்குக் கால் நகரவில்லை. ஆனால் ஊரே கம்பளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றது. ஒரு தோளில் கம்பளியும் ஒரு கையில் துப்பாக்கியுமாக அவனும் கிளம்பினான்.

ஸ்டேஷன் மேஜைமேல் கம்பளிகள் கூரையைத் தொட்டன. இன்ஸ்பெக்டர் அவற்றுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“ஆயுதங்க ஐயா. ஊர்ல ஒண்ணு பாக்கி இல்லாம கொண்டாந்துட்டோம்” என்றார் முனிரத்தினம்.

“இந்த ஊருக்கு ஒரு துப்பாக்கி லைசன்ஸ் கொடுத்திருக்கே, அந்தத் துப்பாக்கி எங்கே?”

“இதுங்களா?” சம்பங்கி கையைத் தூக்கிக் காட்டினான். “இது ஆயுதமில்லிங்க ஐயா. இதால ஒரு பன்னிகூட ஓடல. சும்மா கையில வச்சிருக்கிறதுங்க.”

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துப்பாக்கியை வாங்கினார். பிறகு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: “யோவ், இதெல்லாம் கம்பளிய்யா. எடுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குங்க. என்னை விடுங்க.”

அதிகாரி சொல்லிவிட்டார். ஊரார் அவரவர் கம்பளியை எடுத்து, ஸ்டேஷன் தரையில் வரிசையாகப் படுத்து, தலை மூடப் போர்த்திக்கொண்டார்கள். பட்டப்பகல் என்பதால் கஜேந்திரனுக்கு மட்டும் தூக்கம் வரக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

கோதாவரி பெட்டியோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஸ்டேஷனை எட்டிப் பார்த்தாள். கணவன் ஒரு மூலையில் சிவப்புக் கம்பளிக்குள் விழித்துக்கொண்டு படுத்திருந்தான். வலது கை மட்டும் வெளியே, வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது.

“கை சும்மா கீது கோதாவரி. தூக்கமே வரல” என்றான்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனிமே இந்தக் கையை வுட்டே, அப்போ பாரு” என்றாள்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ரசீதோடு வந்தார். “யாருய்யா சம்பங்கி? துப்பாக்கியை ஒப்படைச்சதுக்கு ஒரு கையெழுத்துப் போடு.”

“முடியாதுங்க ஐயா. கையை விடக்கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க.”

“யாருய்யா சொன்னது?”

“நாந்தான் சொன்னேன்” என்றாள் கோதாவரி.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நெல்லிக்குட்டையைப் பார்த்தார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“பெரியவரே, கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்று முனிரத்தினத்தின் கம்பளிக்குள் புகுந்து தலை மூட இழுத்துப் போர்த்திக்கொண்டார். அடுத்த நிமிஷம், அந்தப் பெரிய பன்றியைப் போலவே வீரிட்டுக் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

முனிரத்தினம் கம்பளியை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

“நான் அப்பவே சொன்னேனே, இது ஆயுதம்தான்னு” என்றார்.